மேட்டில் நின்ற பன்னிரண்டு பேர்

பக்கிரியின் வலது தோளில் மார்கழியில் ஏறிக்கொண்ட வலி சித்திரை பிறந்தும் இறங்கவில்லை. உப்பு வாருகிறவனுக்கு இடுப்பில் வலி வரும், முழங்காலில் வரும், பாதம் வெடித்து வெடிப்புக்குள் உப்புத்தண்ணீர் இறங்கி உயிர் போகும். அதெல்லாம் கூலியோடு சேர்ந்து வருவது. ஆனால் கையைத் தலைக்கு மேலே தூக்கினால் மட்டும் குத்துகிற இந்த வலிக்கு உப்பளத்தில் வேலையே இல்லை. பாத்தியில் இறங்கினவன் குனிந்துதான் கிடப்பான். கையைத் தலைக்கு மேலே தூக்குகிறவன் பந்து போடுகிறவன்தான்.

உச்சிவெயிலில் மரக்காணத்து அளத்தில் யாரும் தன் கண்ணை நம்புவதில்லை. கீழே வெள்ளை, மேலே வெள்ளை, நடுவில் காற்றே உருகி ஓடுகிற மாதிரி ஒரு நெளிவு. அந்த நேரத்தில்தான் சத்தம் வரும். கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மேட்டிலிருந்து, டொக், டொக் என்று. மட்டையின் அடியைத் தரையில் தட்டிக்கொண்டு பந்துக்காகக் காத்திருக்கிறவன் தட்டுகிற தட்டு.

"இன்னாய்யா, வார்ற பலகையப் புடிச்சிக்கினு நின்னுட்ட?" என்றாள் தையல்நாயகி. அவன் மனைவி, அவன் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் சுமந்து கரையேற்றுகிறவள்.

"கேக்குதா?"

"கேக்கல." கூடை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. "கேட்டாலும் கேக்கல. வாரு."

அந்த மேடு உப்பைக் குவித்து வைக்கிற இடம். மழைக்காலத்தில் குவிக்க உப்பு இருக்காது, மேடு காலியாகக் கிடக்கும், அளத்து ஆண்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். பருவம் தொடங்கும்போது பாத்தியின் தரையை வரிசையாக நின்று, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, காலாலேயே மிதித்து மிதித்து இறுக்குவது அளத்து வழக்கம். அதே மாதிரி மேட்டின் நடுவில் ஒரு பட்டையை மிதித்து வைத்திருந்தார்கள். சிமெண்டுத் தரை தோற்றுப்போகும். அங்கே ஒரே ஒரு சட்டம்: மட்டை பிடித்தவன் பந்து போடாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. அண்ணன் தம்பி, அளத்துக்காரன் கூலிக்காரன் என்ற சலுகை எதுவும் கிடையாது.

போன மார்கழியில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பக்கிரி வெகுநேரம் மட்டை பிடித்தான். பந்து போட்டது அவன் தம்பி கலையரசன். பக்கிரிக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. மட்டையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

"ணா, எனக்கு?" என்றான் கலையரசன்.

"கஞ்சி குடிச்சிட்டு வந்து போடறேன்டா. முழுசா ஒரு ஓவர் போடறேன். இங்கயே இரு."

கஞ்சியில் கை வைத்தபோது ஊர் அலறியது. கடல் மேட்டைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, பாத்திகளுக்குள் புகுந்து திரும்பிப் போனது. எவ்வளவோ பேரைத் தேடி எடுத்தார்கள். கலையரசன் கிடைக்கவில்லை. அவன் சின்ன வயதிலிருந்தே சொன்ன இடத்தில் நிற்கிறவன். இப்போது அதுதான் தொல்லை.

தம்பிக்குக் கொடுக்க வேண்டியது என்னவென்று பக்கிரிக்குத் தெரியும். உச்சிவெயிலில் மேட்டுக்குப் போய், சத்தம் வருகிற முனையைப் பார்த்து ஒரு ஓவர் போட வேண்டும். போட்டால் அவன் போய்விடுவான். முதலில் பயமாக இருந்தது. தை போனது, மாசி போனது. பயம் பழகிப்போய், ஒரு நாள் பந்து ஒன்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனால், மேட்டைச் சுற்றி முள்கம்பி. கம்பிக்குள் ஒரு பலகை:

'வடகடலோரக் கிரிக்கெட் மேம்பாட்டுக் கழகம். கிரிக்கெட் வரலாற்றில் மிகுந்த தாக்கம் செலுத்திய ஆட்டக்காரர்கள் நினைவுத் திடல். இங்கே விளையாடக் கூடாது.'

கழகத்தைப் பற்றி ஊருக்கு அதுவரை தெரியாது. கழகத்திடம் மைதானம் இல்லை, அணி இல்லை, மட்டை பந்து எதுவும் இல்லை. தலைவர் இருந்தார், துணைத் தலைவர்கள் ஒரு வேன் நிறைய இருந்தார்கள், ரப்பர் முத்திரை இருந்தது. சுனாமி பாதித்த கடற்கரைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கழகத்துக்குத் தோன்றியது. கடற்கரைக்கு என்ன இல்லை என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு காரிலிருந்து இறங்காமலே ஆராய்ந்து, கூரை இல்லாததையும் வரப்பு உடைந்ததையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும், இந்த மக்களிடம் உண்மையில் இல்லாதது கிரிக்கெட் வரலாறு பற்றிய அறிவு என்றும் கண்டுபிடித்தது.

கழகத்தின் செயலாளர் காசிலிங்கம் பள்ளிக்கூட வளாகத்தில் கூட்டம் போட்டு விளக்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் செருப்பு. உப்பில் உட்கார்ந்தால் ஆளைத் தேட வேண்டும்.

"வரலாற்றுலயே அதிகமா தாக்கம் செலுத்தின ஆட்டக்காரர் யாருன்னு உலகம் பூரா சண்ட போட்டுக்கினு இருக்காங்க," என்றார். "கழகம் அந்தச் சண்டைய முடிச்சிட்டுது. ஒரே கூட்டம், ஒரே டீ. நாங்க ரன்னப் பாக்கல, விக்கெட்டப் பாக்கல. அதெல்லாம் யாரு வேணா எடுப்பான். ஒரு ஆட்டக்காரர் இல்லன்னா நம்ம கழகம் இருந்திருக்குமா? அதான் கேள்வி. கிரேஸ் இல்லன்னா கழகம் ஏது? பிராட்மன் இல்லன்னா ஏது? அந்தக் கணக்குல பதினோரு பேரத் தேர்ந்தெடுத்தோம். எல்லாரும் காலமானவங்க. உயிரோட இருக்கிறவங்களப் போட்டா திறப்பு விழாவுக்கு வந்து மைக் கேப்பாங்க."

தையல்கடை ஜெய்னுலாப்தீன் எழுந்தார். கலையரசனோடு மேட்டில் ஆடியவர். அந்த ஞாயிறன்று யாருக்கோ சட்டை அவசரம் என்று கடையிலேயே உட்கார்ந்து, அதனால் இருக்கிறவர்.

"சார், காலமானவங்கதான் வேணும்ன்னா, அந்த மேட்டுலயே ஒரு புள்ள ஆடிக்கினு இருக்கும்போதே போயிட்டான். கலையரசன்னு பேரு. ஓரமா ஒரு கல்லு..."

காசிலிங்கம் கருணையோடு தலையை ஆட்டினார். "பாய், அந்தத் தம்பி நம்ம லீக்ல பதிவு பண்ணியிருந்தாரா?"

"இல்ல."

"பதிவு பண்ணாதவரு ஆடினதா ஆவாது. ஆடாதவரு ஆடிக்கினு இருக்கும்போது எப்பிடிப் போவாரு? அவரு போனதையே கழகம் ஒத்துக்க முடியாத நிலமையில இருக்குது. வருத்தம்தான்."

பின்வரிசையில் இருந்த பக்கிரிக்கு இது மட்டும் சரியாகப் பட்டது. கலையரசன் போகவில்லை என்பதில் அவனுக்கும் கழகத்துக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

பங்குனியில் சிலைகள் வந்து இறங்கின. குயிலாப்பாளையத்தில் யாரோ சல்லிசாகச் செய்து கொடுத்த சுண்ணச்சாந்துச் சிலைகள். மட்டையோடு சிலர், தொப்பியோடு சிலர், வயிறு வரை தாடியோடு கிரேஸ். எல்லோரையும் மேட்டில் நட்டார்கள். மேடு காலங்காலமாக உப்பு தின்ற மண். சிலைகளுக்குப் பாதத்தில் முதலில் வெள்ளையாகப் பூ பூத்தது. பூ கணுக்காலுக்கு ஏறியது, முழங்காலுக்கு ஏறியது. ஏறின இடமெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காசிலிங்கம் வந்து பார்த்தால், வரலாற்றில் மிகுந்த தாக்கம் செலுத்திய ஆட்டக்காரர்கள் எல்லோரும் தொடைவரை கால் உதிர்ந்து, மண்ணில் பாதி புதைந்தவர்கள் மாதிரி கவிழ்ந்து கிடந்தார்கள். பார்த்தவர்களுக்கு மார்கழி ஞாபகம் வந்தது. தையல்நாயகி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் நடுப்பட்டையின் ஒரு முனையில், மிதித்து இறுகிய தரையில், இரண்டு பாதங்கள் நின்ற ஈரம் இருந்தது. வெயில் காய்ந்த அந்த இடத்தில் அது உலராமல் இருந்ததைக் கழகம் போட்டிருந்த காவல்காரனும் பார்த்தான். சிலை வைத்தவர்கள் தண்ணீர் கொட்டியிருப்பார்கள் என்று சொல்லி அந்தப் பக்கம் போவதையே விட்டான்.

காசிலிங்கம் கலங்கவில்லை. கலங்காததால்தான் அவர் செயலாளர். "சிலைன்னா இன்னா? ஆடாம அசையாம நிக்கிறது. அது மனுசன் நிக்க மாட்டானா?" என்றார். அளத்து ஆண்களில் பதினோரு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம், முகத்திலும் கையிலும் சுவருக்கு அடிக்கிற வெள்ளை பூசப்படும், தலைவர் வந்து போகிறவரை இமைக்கக் கூடாது.

மற்றவர்கள் பிரியாணிக்காகப் பேர் கொடுத்தார்கள். பக்கிரி கம்பிக்கு உள்ளே போவதற்காகக் கொடுத்தான்.

தையல்கடையில் அளவு எடுக்கும்போது காசிலிங்கம் ஆட்களுக்கு ஆட்டக்காரர்களைப் பங்கு போட்டார்.

"நீ பிராட்மன்," என்றார் பக்கிரியிடம்.

"சார், பந்து போடறவரு யாருன்னா குடுங்க சார்."

"பந்து போடறவரு ஒருத்தர்தான்யா. பார்ன்ஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர். அத அளத்துக்காரர் மச்சான் சிங்காரத்துக்குக் குடுத்தாச்சு. அவரு சொந்தக்காரர்."

"பார்ன்சுக்கா?"

"அளத்துக்காரருக்குய்யா!" காசிலிங்கம் எரிச்சலாக மூச்சு விட்டார். "பிராட்மன் கேட்டு எத்தன பேரு சிபாரிசு புடிக்கிறான் தெரியுமா? உலகத்துலயே பெரிய ஆளு. கடைசி ஆட்டத்துல நாலே நாலு ரன் எடுத்திருந்தா சராசரி நூறு ஆயிருக்கும். முட்டை போட்டுட்டாரு. அந்த நாலு ரன்ன நெனச்சி உலகமே இன்னிக்கும் அழுவுது."

"நாலு ரன்னுக்கா சார்?" என்றான் பக்கிரி.

"பின்ன?"

ஜெய்னுலாப்தீன் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு பக்கிரியின் தோளை அளந்தார். நாடா மூட்டில் பட்டதும் பக்கிரி துள்ளினான். செயலாளர் வெளியே போன பிறகு அவர் ஊசியை எடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "எதுக்குப்பா இந்த வேஷம்? உனக்குப் பிரியாணியா பெருசு?"

"அவனுக்கு ஒரு ஓவர் போடணும் பாய்."

ஜெய்னுலாப்தீன் நாடாவைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். "எனக்கும் கேக்குது," என்றார். "மதியம் லுஹர் தொழப் போற நேரத்துல. நான் மிஷின் சத்தம்ன்னு நெனச்சிக்குவேன். மிஷின நிறுத்தினாலும் கேக்குது."

விழா அன்று பிரம்மதேசத்திலிருந்து கைதட்ட ஆட்களை வேனில் ஏற்றி வந்தார்கள். பந்தல் பார்வையாளர்களுக்கு. சிலைகளுக்கு வெயில். காலையிலேயே வெள்ளை பூசி நிறுத்திவிட்டார்கள். உப்பு கீறிய கைகளில் வெள்ளை இறங்கி எரிந்தது, சொறியக் கூடாது. தலைவர் பத்து மணிக்கு வருவதாக இருந்து பன்னிரண்டுக்கு வந்தார். அதற்குள் கிரேஸின் பஞ்சுத் தாடி வியர்வையில் கழன்று நெஞ்சில் தொங்கியது. பார்ன்ஸாக நின்ற சிங்காரத்துக்கு, பந்தோடு மேலே தூக்கிய கை அப்படியே பிடித்துக்கொண்டது. இறக்கச் சொன்னாலும் இறங்காது போல் இருந்தது.

பக்கிரி மட்டையை ஊன்றிக் குனிந்து நின்றான். பட்டையின் மறுமுனை அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. அங்கே யாரையும் நிறுத்தவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. காற்று நெளிந்தது. டொக்.

கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. இமைக்கக் கூடாது என்பதால் இமைக்கவில்லை. அதனால் வந்ததை முழுவதுமாகப் பார்த்தான். அந்த முனையில் ஓர் ஆள் நின்றான். மற்றவர்கள் மேல் பெயிண்ட் வெள்ளை, அவன் மேல் உப்பு வெள்ளை. புருவத்தில் உப்பு, உதட்டில் உப்பு. மடித்துவிட்ட பேண்ட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கையில் மட்டை இல்லை. இல்லாத மட்டையைத் தரையில் தட்டினான். சத்தம் மட்டும் கேட்டது. கடல் வாங்கிப்போன மட்டை போலிருக்கிறது.

பக்கிரிக்கு முதுகுத்தண்டில் வியர்வை அப்படியே நின்றுவிட்டது. ஓடத்தான் கால் பார்த்தது. அவன் ஓடவில்லை.

தலைவர் தெய்வசிகாமணி காரிலிருந்து இறங்கி நேராகச் சிலைகளுக்கு மாலை போட வந்தார். காசிலிங்கம் பக்கத்தில் பேர் சொல்லிக்கொண்டே வந்தார். ஹாப்ஸ், ரஞ்சி, நாயுடு, வொரெல். மாலைகள் முடிந்த இடத்தில் இன்னும் ஓர் ஆள் இருந்தான்.

"ஏம்பா, பதினொண்ணுன்னுதானே சொன்ன?" என்றார் தலைவர்.

காசிலிங்கம் விரலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். பந்தல் ஓரத்தில் நின்ற ஜெய்னுலாப்தீனின் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் பதினொண்ணுதான் தெச்சேன்," என்றார், யாரும் கேட்காமலே.

ஒரு கழகச் செயலாளருக்குத் தெரியாத ஆள் கழகத்தின் திடலில் நிற்க முடியாது. ஆகவே தெரிந்த ஆளாக்கினார். "பன்னிரண்டாவது ஆட்டக்காரர் தலைவரே. கிரிக்கெட்ல உண்டு. விதியிலயே இருக்குது."

"இவரு இன்னா தாக்கம் செலுத்தினாரு?"

"மத்தவங்க ஆடும்போது ஓரமா நிப்பாரு. தண்ணி கொண்டாருவாரு."

கூட்டத்தில் தையல்நாயகி 'ஐயோ' என்ற சத்தத்தை வாய்க்குள்ளேயே அமுக்கினாள்.

தலைவர் தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். புகைப்படக்காரனுக்காக அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜில்லுன்னு இருக்குதுப்பா. பெயிண்ட் நல்லா அடிச்சிருக்கீங்க," என்று பாராட்டிவிட்டு, ஈரமான உள்ளங்கையைத் துணைத் தலைவர் ஒருவரின் துண்டில் துடைத்தார். துண்டில் உப்பு படிந்தது. மாலையிலிருந்த சாமந்தி ஒவ்வொன்றாகக் கறுத்துச் சுருங்கியது. வெயில் என்றார்கள்.

பிறகு தலைவர் பேசினார்.

"இந்தப் பதினோரு பேரும், இந்தப் பன்னிரண்டாவது நண்பரும் பெரிய ஆட்டக்காரங்கதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க இன்னா பண்ணாங்க? விளையாடினாங்க. விளையாடறது சுலபம்ங்க. மட்டையக் குடுத்தா கொழந்தகூட விளையாடும். விளையாடணும்ன்னு வர்றவன நிறுத்தி, நீ யாரு, எங்கேர்ந்து வர்ற, யார் அனுமதின்னு கேக்கறதுக்கு ஒரு அமைப்பு வேணும். அதுதான் கஷ்டம். இந்த மேட்டுல முந்தி யார் வேணா வந்து ஆடிக்கினு இருந்தாங்களாம். கேள்விப்பட்டு நான் தூங்கல. இன்னிக்குப் பாருங்க, சுத்தமா இருக்குது. சுனாமி ஒரு நாள் வந்துது, போயிட்டுது. கழகம் அப்பிடியில்ல. வந்தா போவாது."

பிரம்மதேசத்து ஆட்கள் கைதட்டினார்கள்.

திறப்பு விழா என்றால் தலைவர் ஒரு பந்தாவது அடிக்க வேண்டும். குச்சிகள் நட்டார்கள். பந்து போட பார்ன்ஸைக் கூப்பிட்டார்கள். சிங்காரத்தின் கை மேலே போனது போனதுதான். இரண்டு பேர் பிடித்து இழுத்தும் கீழே வரவில்லை, அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"நான் போடறேன் சார்," என்றது பிராட்மன் சிலை.

காசிலிங்கம் திடுக்கிட்டுத் திரும்பினார். "யோவ், நீ பேசக் கூடாதுய்யா!"

"ஒரே ஒரு ஓவர் சார். வேற ஒண்ணும் வேணாம். பிரியாணிகூட வேணாம்."

காசிலிங்கம் யோசித்தார். அவருக்கு வரலாறு தெரியும். "பிராட்மன் டெஸ்ட்ல ரெண்டே விக்கெட்தான் எடுத்திருக்காரு தலைவரே," என்று காதருகில் சொன்னார். "பயமில்ல. போடட்டும்."

பக்கிரி மட்டையை எடுத்துக்கொண்டு பட்டையின் நடுவே நடந்தான். தலைவர் அவன் பின்னாலேயே வந்தார். பக்கிரி அதைக் கவனிக்கவில்லை. கிட்டே போகப் போக மீன்வாடையும் சேற்றுவாடையும் ஏறியது. கலையரசனின் முகம் அதே முகம்தான். கண்ணில் மட்டும் உப்பு கட்டியிருந்தது.

"இந்தாடா," என்றான் பக்கிரி. "நேரமாயிட்டுது. புடி."

மட்டையை நீட்டினான். உப்பு படிந்த கை மெல்ல உயர்ந்தது. விரல்கள் பிடியைத் தொடுவதற்குள் தலைவர் குறுக்கே கை விட்டு மட்டையை வாங்கிக்கொண்டார். "தேங்க்ஸ்பா," என்றார். அவன் நின்ற இடத்திலேயே காலை வைத்தார்.

கலையரசன் ஒதுங்கிக்கொண்டான். பெரியவர்கள் வந்தால் அவன் எப்போதும் ஒதுங்குகிறவன். ஓரமாக நின்று அண்ணனைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. 'ணா, எனக்கு?' என்பது பக்கிரிக்குக் கேட்டது.

பக்கிரி திரும்பி நடந்தான். பேண்ட் பையில் ஒளித்து வைத்திருந்த பந்தை எடுத்தான். தலைவரைச் சீக்கிரம் அவுட்டாக்கிவிட்டால் மீதி தம்பிக்கு என்று நினைத்தான். தோள்மூட்டு கத்தியால் குத்த, ஓடிவந்து போட்டான். நடுக்குச்சி எகிறியது.

நடுவராக நின்ற காசிலிங்கம் குச்சியை நட்டார். "சோதனைப் பந்து," என்றார்.

அடுத்த பந்தும் குச்சியை எடுத்தது. காசிலிங்கம் தலைவரிடம் பணிவாகச் சொன்னார்: "கிரேஸ்கூட இப்பிடித்தான் தலைவரே. அவுட்டானா குச்சிய நட்டுட்டு, சனங்க நான் ஆடறதப் பாக்கத்தான் வந்திருக்காங்கன்னு சொல்லுவாராம். தாக்கம் செலுத்தினவங்க யாரும் லேசுல வெளிய போனதில்ல."

"அப்பிடியா? அவரு பெரிய மனுசன்," என்றார் தலைவர், இன்னும் நன்றாகக் காலை ஊன்றிக்கொண்டு.

மூன்றாவது பந்து குச்சியை எடுத்தபோது நோபால் என்றார்கள், பந்து போடுகிறவன் தாண்டக் கூடாத கோட்டையே இனிமேல்தான் கிழிக்கப் போகிறார்கள் என்றாலும். நான்காவது தலைவரின் காலில் பட்டது, கைதட்டினார்கள். ஐந்தாவதை அவர் தடவிவிட்டார், அது நான்கு ரன் என்று அறிவிக்கப்பட்டது. மேட்டிலிருந்த பத்துச் சிலைகளும் அதைப் பிடிக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஒரு பந்து பாக்கி. பக்கிரி ஓடிவந்தான். தலைவரைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்றவனைப் பார்த்து, மெதுவாக, குழந்தைக்குப் போடுகிற மாதிரி, தூக்கிப் போட்டான். கலையரசனின் கைகள் மட்டை பிடிக்கிற வாக்கில் சேர்ந்தன. வீசினான். வெறுங்கை காற்றை அறுத்தது. பந்து அந்தக் கைகளுக்குள் நுழைந்து, நெஞ்சுக்குள் நுழைந்து, பின்பக்கம் வெளியே வந்து முள்கம்பிக்குக் கீழே உருண்டு கால்வாயில் விழுந்தது.

"வைட்," என்று காசிலிங்கம் இரண்டு கையையும் விரித்தார். "தலைவருக்கு ஒரு ரன். ஓவர் முடிஞ்சிது."

"சார், அது ஓவர்ல சேராது சார். வைடுன்னா இன்னொரு பந்து..."

"விருந்து ஆறுதுய்யா!"

குச்சியைப் பிடுங்கினார்கள். மட்டையில் தலைவர் கையெழுத்துப் போட, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஆட்டமிழக்காமல் நின்ற தலைவர் தெய்வசிகாமணியைக் கிரிக்கெட் வரலாற்றில் மிகுந்த தாக்கம் செலுத்திய பன்னிரண்டாவது ஆட்டக்காரராகச் சேர்ப்பது என்று அங்கேயே, ஒரே டீயில், தீர்மானம் நிறைவேறியது. பலகையில் அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது பழைய பன்னிரண்டாவது ஆள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருக்கலாம். நின்ற இடத்திலேயே நின்றான். மாலை மட்டும் கீழே கிடந்தது.

கார்கள் போனதும் காவல்காரன் எல்லோரையும் வெளியே தள்ளிக் கம்பியை இழுத்துக் கட்டினான்.

பக்கிரி அளத்துத் தொட்டியில் முகத்தைக் கழுவினான். வெள்ளை போகவில்லை. காது மடலிலும் கழுத்து மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு நின்றது. தையல்நாயகி தேங்காய் நார் எடுத்து அவன் கழுத்தைத் தேய்த்துவிட்டாள்.

"போட்டியா?" என்றாள்.

"போட்டேன்."

"அவனுக்கா?"

பக்கிரி கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தான். மூட்டு பாதியிலேயே நிறுத்திவிட்டது.

"ஊர்ல எல்லாரும் பாத்தாங்க, ஒரு ஓவர் போட்டன்னு," என்றாள் அவள், அவனுக்கா தனக்கா என்று தெரியாத குரலில். "அது போதாதா?"

"அவன் ஒரு பந்துகூட தொடலடி," என்றான் பக்கிரி.

அவள் நாரைக் கீழே வைத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள். முந்தின நாள் வாரிய உப்பு கரையேறாமல் கிடந்தது. அவனும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினான். மேட்டுப் பக்கம் முதுகைக் காட்டி நின்று வாரினான்.

தலைவருக்குப் போட்டது கணக்கில் சேராது. கால்வாயில் விழுந்ததும் சேராது. பக்கிரி தன் தம்பி கலையரசனுக்கு இன்னும் ஓர் ஓவர், முழுசாக ஆறு பந்து, போட வேண்டியிருக்கிறது.